1940களின் ஃபெல்ட் தொப்பி: உள்பட்டையை மாற்றுவதா, அப்படியே விடுவதா?

கிழக்குக்கரை (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் ஃபெல்ட் தொப்பி ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன். விளிம்பின் ஓரத்தையும் அதே கறுப்புப் பட்டையால் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஸ்டெட்சன் என்ற அமெரிக்கத் தொப்பி நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது. விற்ற அம்மையார் அது தங்கள் வீட்டுப் பரணில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்றார். கையில் எடுத்தவுடன் கீழே வைக்க மனம் வரவில்லை. அவ்வளவு மென்மை, ஆனால் தொய்வு இல்லை.

அளவுச் சீட்டில் 7⅛ என்று இருக்கிறது. என் தலைச் சுற்றளவு 57 செ.மீ. கணக்குப்படி எனக்குச் சரியாக இருக்க வேண்டும். தலையில் வைத்தால் நெற்றியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு மேலேறி நிற்கிறது. நீராவி காட்டினால் ஃபெல்ட் விரியும் என்று எங்கோ படித்திருந்தேன். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்தேன். உள்ளே இருக்கும் தோல் பட்டை காய்ந்த வாழைச்சருகு போலச் சத்தம் போட்டு, நெற்றிப் பக்கம் மூன்று அங்குலம் கிழிந்துவிட்டது. கிழிந்த இடம் சுருங்கி அட்டை போலக் கெட்டியாகவும் ஆகிவிட்டது.

இரண்டு நாளாக மனம் சரியில்லை. எண்பது ஆண்டு தாங்கிய பொருள் என் கையில் ஐந்து நிமிடத்தில் கெட்டுவிட்டதே என்றிருக்கிறது. இதைச் சரி செய்ய முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மரஅச்சு (டொராண்டோ)

தம்பி, முதலில் கெட்டிலை அணைத்துவிட்டு உட்காருங்கள். தொப்பி கெடவில்லை. கெட்டது பட்டை. இரண்டும் வேறு வேறு.

இங்கே ஒரு தொப்பிக் கடையின் பின்னறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பழைய தொப்பி கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே "சுருங்கிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். பல நேரங்களில் ஃபெல்ட் கொஞ்சம்தான் சுருங்கியிருக்கும். அதற்குள் தைத்திருக்கும் தோல் அதைவிட அதிகமாகச் சுருங்கி, ஃபெல்ட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். கோடையில் அமெரிக்க வீட்டுப் பரண் அடுப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தோலில் ஈரப்பசை ஏது?

உங்கள் தொப்பி முயல், பீவர் போன்ற விலங்குகளின் அடிமயிரில் செய்த ஃபெல்ட்டாகத்தான் இருக்கும். அந்த மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் சேரும்போது ஒவ்வொரு மயிரும் பக்கத்து மயிருக்குள் நுழைந்து பிணைந்துகொள்ளும். நெசவு இல்லை, பாவு இல்லை, ஊடு இல்லை. அதனால்தான் நீராவி பட்டதும் இளகுகிறது, எந்த அச்சில் ஏற்றினாலும் அந்த வடிவத்தை ஏற்கிறது, ஆறியதும் அப்படியே நிற்கிறது. இதே குணம் எண்பது ஆண்டு கழித்தும் அதற்குள் இருக்கிறது. நல்ல ஃபெல்ட்டைத் தைரியமாக நம்பலாம்.

இப்போது மூன்று காரியம் செய்யுங்கள். தையல் ஊசியின் முனையால் பட்டையின் தையலைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். பட்டைக்குள் சிறிய முடிச்சுப் போலக் கட்டியிருக்கும் இடம்தான் பின்பக்கம். பட்டை வெளியே வந்ததும் இஞ்சு டேப்பை உள்ளே படுக்க வைத்து வெறும் ஃபெல்ட்டின் சுற்றளவை அளந்து சொல்லுங்கள். பட்டைக்குப் பின்னால் ஏதாவது சீட்டு ஒட்டியிருந்தால் கிழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். எதையும் எறிய வேண்டாம்.

ஆவாரம்பூ (ஈரோடு)

தோல் தொழிலில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அந்தப் பட்டைக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தாவரப் பொருளால் பதனிட்ட புதிய தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் சுமார் 80 டிகிரியில் அது சட்டென்று சுருண்டுவிடும். ஒவ்வொரு தோலுக்கும் இப்படி ஒரு சுருங்கும் வெப்பநிலை உண்டு. தோல் வயதாகி உள்ளுக்குள் சிதையச் சிதைய அந்த எல்லை கீழே இறங்கும். மிகவும் சிதைந்த தோல் குளிக்கும் வெந்நீர்ச் சூட்டுக்கே சுருங்கிவிடும். நீங்கள் காட்டியதோ கெட்டில் ஆவி. அதனால்தான் கிழிந்த இடம் அட்டை போல ஆனது. அது இனி இளகாது. எண்ணெய் போட்டாலும் மெழுகு போட்டாலும் திரும்பி வராது. தயவுசெய்து தேங்காய் எண்ணெய் எதையும் தடவிவிடாதீர்கள். அது ஃபெல்ட்டில் ஊறிக் கறையாகும்.

பட்டையின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். செங்கல் நிறத்தில் பொடி ஒட்டுகிறதா?

முகில்மலை (குன்னூர்)

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பட்டையைப் பிரிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

தொப்பியில் வெளியே தெரிவது ஃபெல்ட் என்றாலும் அதன் வரலாறெல்லாம் பட்டையில்தான் இருக்கிறது. முத்திரை, கடையின் பெயர், சில சமயம் வாங்கியவரின் பெயரெழுத்துகள், அவர் நெற்றி வியர்வை பட்டுக் கறுத்த இடம், எல்லாம் அங்கேதான். அதை எடுத்துவிட்டுப் புதிய தோலைத் தைத்தால் மிஞ்சுவது அழகான ஒரு பழைய ஃபெல்ட், அவ்வளவுதான். என்னிடம் ஒரு தெராய் தொப்பி இருக்கிறது. இங்கே ஒரு தோட்ட பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. ஒரு ஃபெல்ட்டுக்குள் இன்னொரு ஃபெல்ட் வைத்துச் செய்த இரட்டைத் தொப்பி. இமயமலை அடிவாரத் தெராய் நிலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூர்க்காப் படையினர் அணிவதும் இந்த வகைதான். அதன் பட்டை பாதி உதிர்ந்துவிட்டது. நான் அதைத் தொடவில்லை. தலையில் வைப்பதும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறேன், எனக்கு அது போதும்.

நூற்கண்டு (லண்டன்)

முகில்மலை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிழக்குக்கரை வாங்கியது போட்டுக்கொள்ள என்றுதான் படுகிறது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க அளவு என்பது தலைச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 'பை'யால் வகுத்தால் வருவது. 57 செ.மீ. என்றால் அமெரிக்காவில் 7⅛, இங்கே பிரிட்டனில் 7. எங்கள் அளவு எப்போதும் எட்டில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஒவ்வொரு எட்டில் ஒரு படிக்கும் சுற்றளவில் 1 செ.மீ. கூடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். லண்டன் தொப்பியை அமெரிக்கச் சீட்டைப் போலப் படித்து வாங்கியவர்கள் என்னிடம் வருவார்கள். தொப்பி 1 செ.மீ. பெரிதாகி, காதில் உட்கார்ந்திருக்கும்.

தலையை அளக்கும்போது டேப்பை நெற்றியின் நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் பின்மண்டையின் புடைப்பிலும் ஓடவிடுங்கள். இறுக்க வேண்டாம். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுங்கள்.

கிழக்குக்கரை (நியூ ஜெர்சி)

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்றிரவு பிரித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஆவாரம்பூ அக்கா கேட்டது அப்படியே இருக்கிறது. விரலில் செம்பொடி ஒட்டியது. சட்டையிலும் பட்டது.

பட்டையோடு இருந்தபோது உள்சுற்று 55.5 செ.மீ. பட்டையை எடுத்தபின் ஃபெல்ட் மட்டும் 56.5. பின்னால் ஒரு தொழிற்சங்கச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் தொப்பித் தொழிலாளர், குல்லாத் தொழிலாளர், பெண்கள் தொப்பி செய்வோர் எல்லாரையும் சேர்த்த சங்கத்தின் பெயர் இருக்கிறது. பட்டையில் பொன்னெழுத்தில் மூன்று பெயரெழுத்துகளும் உண்டு. அதைப் பார்த்ததும் முகில்மலை அண்ணா சொன்னது நெஞ்சில் தைத்தது.

ரிப்பனைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் அடியில் ஃபெல்ட் இன்னும் ஆழ்ந்த சாம்பலாக இருக்கிறது, செய்த நாளின் நிறம் அதுதான் போலும். கூட்டின் (தலையை மூடும் மேற்பகுதியின்) இடப்பக்கம் நான்கைந்து இடங்களில் குண்டூசித் தலை அளவுக்கு அந்துப்பூச்சி அரித்த குழிகள். ஒன்று மட்டும் ஊடுருவிப்போய் வெளிச்சம் தெரிகிறது.

அண்ணா, நான் இதைத் தலையில் வைக்கத்தான் வாங்கினேன்.

வெயிலோன் (மதுரை)

குழிகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் சமமாகிவிடுமே? நான் ஒரு கம்பளித் தொப்பிக்கு அப்படித்தான் செய்தேன். நுண்ணிய தாளாக எடுங்கள்.

மரஅச்சு (டொராண்டோ)

வெயிலோன், பொறுங்கள். இந்தத் தொப்பியில் அதைச் செய்யும் முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

பழைய காலத்தில் முயல் மயிரைப் பிணையும் பக்குவத்துக்குக் கொண்டுவர பாதரச நைட்ரேட் கரைசல் பூசுவார்கள். பூசிய மயிரின் நுனி காய்ந்ததும் செம்மஞ்சளாகும், கேரட் நிறம். அந்த வேலைக்கே அப்படித்தான் பெயர் வந்தது. மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுங்கியது, பேச்சுக் குழறியது, கூச்சமும் சினமும் மாறி மாறி வந்தன. அமெரிக்காவின் தொப்பி நகரம் என்று பெயர் பெற்ற கனெக்டிகட்டின் டான்பரியில் அந்த நோய்க்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். ஆங்கிலத்தில் 'தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்' என்ற சொல்வழக்கு எல்லாரும் அறிந்தது. அதைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்குச் சிரிக்க முடிவதில்லை. அந்த மனிதர்கள் செய்த தொப்பிகளைத்தான் நாம் கையில் வைத்துக் கொஞ்சுகிறோம். 1941 டிசம்பரில்தான் அமெரிக்காவில் ஃபெல்ட் தொழிலில் பாதரசம் முடிவுக்கு வந்தது.

சங்கச் சீட்டைப் பார்த்தால் தொப்பி 1934க்குப் பிற்பட்டது. அந்த ஆண்டில்தான் தொப்பித் தொழிலாளர் சங்கமும் குல்லாத் தொழிலாளர் சங்கமும் இணைந்தன. ஆனால் 1941க்கு முன்பா பின்பா என்று சீட்டு சொல்லாது. ஆகவே முன்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலையில் வைக்கலாம், இடையில் உள்துணியும் பட்டையும் உண்டு. தேய்த்துத் தூசி கிளப்புவதுதான் தவறு. எதை உரசினாலும் திறந்த இடத்தில், துகளைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டு, அடியில் ஈரத்துணி விரித்துச் செய்யுங்கள். கையைக் கழுவுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அரித்த குழிகளுக்கு உப்புத்தாளே தேவையில்லை. பட்டை மறைக்கும் உட்பகுதியில் ஒரு புது பிளேடை வைத்து மெல்ல வழித்தால் அதே நிறத்தில் கொஞ்சம் பஞ்சுத் துகள் கிடைக்கும். உங்கள் தொப்பியில் ரிப்பனுக்கு அடியில் இருப்பது வெளுக்காத நிறம், ஆகவே அங்கே எடுக்க வேண்டாம், உள்ளிருந்து எடுங்கள். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையைக் குண்டூசி முனையில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைத்து, துகளை அழுத்தி அடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். வெளிச்சம் தெரியும் ஓட்டைக்கு உட்புறமிருந்து ஒரு மெல்லிய ஃபெல்ட் சிம்பு ஒட்டிவிட்டு, பிறகு வெளியிலிருந்து நிரப்புங்கள். பக்கத்தில் வந்து பார்ப்பவருக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

அதற்கும் முன்னால் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் இருந்தால் போய்விடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோர்க்கும். அந்துருண்டை பூச்சியை வரவிடாமல் செய்யலாம், ஆனால் வாடையைத் தொப்பியிலிருந்து எடுக்க ஒரு பருவம் ஆகும்.

முகில்மலை (குன்னூர்)

தலையில் வைக்கத்தான் என்றால் என் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன். விட்டுவிடவில்லை.

செம்பொடி உதிரும் தோல் இனி தொப்பியோடு இருந்தால் ஃபெல்ட்டையும் கறையாக்கும் என்பது எனக்கும் தெரியும். என் தெராய் தொப்பியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பெயரெழுத்து உள்ள துண்டை என்ன செய்யப் போகிறீர்கள்? யாரோ ஒருவர் கடையில் நின்று, பணம் கொடுத்து, தன் பெயரைப் பொன்னில் பதிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாததாலேயே அந்தத் துண்டைக் காப்பது நம் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

ஆவாரம்பூ (ஈரோடு)

அண்ணா, காப்பது என்றால் தொப்பிக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. அமிலமில்லாத தாளில் சுற்றித் தனியாக வைத்தால் தோலுக்கும் நல்லது.

இந்தச் செம்பொடி நோயைப் பற்றி எங்கள் ஊர்க்காரி என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காற்றில் கலந்த கந்தகப் புகையைத் தோல் உறிஞ்சி, அது உள்ளே அமிலமாகி, நாரைத் தின்கிறது. எல்லாத் தோலும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்றவற்றால் பதனிட்டது சீக்கிரம் போகும். கடுக்காய், சுமாக் இலை போன்றவற்றால் பதனிட்டது அதிக நாள் நிற்கும். ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல் கப்பல் கப்பலாக லண்டன் போன காலம் உண்டு. அழகான தோல், மெத்தென்று இருக்கும். 1900களின் தொடக்கத்தில் அங்கே புத்தகக் கட்டுகள் ஏன் பொடியாகின்றன என்று ஆராய்ந்தவர்கள் இந்த வகைப் பதனிடலைத்தான் குறை சொன்னார்கள். என் பாட்டனார் காலத்துத் தொழில் அது. சொல்ல வலிக்கிறது, ஆனாலும் உங்களுக்குப் பட்டைத் தோல் தேர்ந்து கொடுக்கும்போது மறைக்க முடியுமா?

புதிய பட்டைக்குக் கேட்க வேண்டியது இதுதான்: தாவரப் பதனிட்ட செம்மறி அல்லது வெள்ளாட்டுத் தோல், கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, மேற்புறம் சாயம் ஒட்டாதது. குரோம் தோல், அதாவது குரோமிய உப்பால் பதனிட்டது, சூட்டைத் தாங்கும், சிதையாது. ஆனால் வியர்வையை வாங்கி வெளியே விடும் பதம் அதில் குறைவு, நெற்றிக்கு அது அவ்வளவாகச் சேராது. ஈரமான வெள்ளைத் துணியால் ஐம்பது முறை தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் நெற்றியிலும் வரும்.

நூற்கண்டு (லண்டன்)

தைப்பதை நான் சொல்கிறேன்.

ஆயத்தப் பட்டை வாங்கினால் அதன் அடியோரத்தில் துணி மூடிய மெல்லிய குழல் ஒன்று நரம்பு போல ஓடும். ஃபெல்ட்டில் ஊசி ஏறுவது தோலில் இல்லை, அந்த நரம்பை ஒட்டிய துணியில்தான். அதனால் தோல் ஊசித் துளையில் கிழியாது, வேண்டும்போது வெளியே மடித்துவிடவும் முடியும்.

முதலில் நான்கு இடம் குறியுங்கள்: முன், பின், இரு பக்கம். ஃபெல்ட்டிலும் குறி, பட்டையிலும் குறி. நான்கையும் கிளிப்பால் பிடித்துவிட்டு இடைப்பகுதியைச் சமமாகப் பரப்புங்கள். பின்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கத்தில் முடியுங்கள். கூடும் விளிம்பும் சந்திக்கும் மடிப்பில் பழைய துளைகள் வரிசையாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எண்ணிவிடலாம். அதே துளைகளில் ஊசியை விடுங்கள். புதிதாகக் குத்தினால் இரண்டு வரிசைத் துளை சேர்ந்து, பின்னாளில் தபால்தலை கிழிவது போல அந்த மடிப்பே கிழியும். வெளியே தெரியும் தையலை எள்ளளவுக்கு மேல் விடாதீர்கள், ரிப்பன் மூடிக்கொள்ளும்.

நூலை இழுத்து இறுக்காதீர்கள். இது மிக முக்கியம். ஒவ்வொரு தையலும் கொஞ்சம் இறுகினால் சுற்று முடியும்போது அரை செ.மீ. போயிருக்கும், பாடுபட்டு விரித்த தொப்பி மறுபடி சிறுத்துவிடும். நூல் படுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கால் வட்டம் முடியும்போதெல்லாம் டேப் வைத்து அளங்கள்.

மரஅச்சு (டொராண்டோ)

அக்கா சொன்னதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கணக்கு: பட்டை ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்றால் சுற்றளவில் அரை செ.மீ. தின்னும். 57 தலைக்கு ஃபெல்ட் 57.5 இருக்க வேண்டும். இப்போது 56.5. ஒரு செ.மீ. விரிக்க வேண்டும், அதாவது ஒரே ஒரு படி. நல்ல ஃபெல்ட்டுக்கு அது பெரிய காரியமில்லை. இரண்டு பாதி மரமும் நடுவில் திருகும் உள்ள விரிப்பான் வாங்குங்கள். பட்டை இல்லாத நிலையில், அடிப்பகுதியை மட்டும் நீராவியில் காட்டி, விரிப்பானை வைத்து, திருகை அரைச் சுற்று. ஆறவிடுங்கள். மறுபடி ஆவி, மறுபடி அரைச் சுற்று. ஒரே மூச்சில் செய்யாதீர்கள், இரண்டு மாலை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கைக் கொஞ்சம் தாண்டி விரித்தால் ஆறும்போது சரியாக வந்து நிற்கும்.

வெயிலோன் (மதுரை)

நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் பள்ளியில் பகத் சிங் நாடகம். 1929இல் டெல்லியில் எடுத்த அவருடைய படம் எல்லாருக்கும் தெரியும், ஃபெல்ட் தொப்பியோடு இருப்பது. அதற்காகக் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கினோம். நடிக்கும் பையனுக்கு அது பெரிதாக இருக்கிறது, குனிந்தால் விழுகிறது. சிறிதாக்க வழி உண்டா? தண்ணீரில் நனைத்தால் சுருங்குமா?

நூற்கண்டு (லண்டன்)

நனைக்காதீர்கள் ஐயா. சுருங்கும், ஆனால் உங்கள் விருப்பப்படி சுருங்காது. கூடு மேலே குறுகிக் கூம்பாகும், விளிம்பு அலை அலையாகும். ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டை மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவது முயல் மயிரைவிடக் கடினம்.

பட்டையை வெளியே மடித்து, அதற்கும் ஃபெல்ட்டுக்கும் இடையில் மென்மையான நுரைப்பட்டையை நெற்றிப் பக்கமும் பின்பக்கமும் வையுங்கள். முழுச் சுற்றும் வைக்க வேண்டியதில்லை. பழைய ஆள்கள் செய்தித்தாளை நீளமாக மடித்து வைப்பார்கள், நாடகத்துக்கு அதுவே போதும். பையனை உலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிழக்குக்கரை (நியூ ஜெர்சி)

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

உறைபெட்டியில் இரண்டு வாரம் இருந்தது. குழிகளை அடைத்தேன், ஊடுருவிய ஓட்டை மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. விரிப்பானை நான்கு மாலை பயன்படுத்தினேன். சுற்றளவு 57.5 வந்து நின்றது. பட்டையை இரண்டு முறை தைத்தேன். முதல்முறை முடித்து அளந்தால் 56.4. நூற்கண்டு அக்கா எச்சரித்தது அப்படியே நடந்துவிட்டது. முழுவதும் பிரித்து மறுபடி தைத்தேன். இப்போது 57.

ஆனால் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்துகிறது, காதுக்கு மேலே இரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி. சுற்றளவு சரி, பிறகு ஏன்?

மரஅச்சு (டொராண்டோ)

ஏனென்றால் தலை வட்டம் இல்லை தம்பி. சுற்றளவு ஒன்றாக இருக்கும் இரண்டு தலைகளில் ஒன்று நீண்ட முட்டை, இன்னொன்று உருண்டையான முட்டை. உங்களுடையது நீளம். தொப்பியின் வாய் சற்று உருண்டை. சுற்றளவைக் கூட்டினால் பக்கவாட்டு இடைவெளிதான் பெருகும். பலர் இந்த இடத்தில்தான் தவறு செய்து, ஒரு படி பெரிய தொப்பி வாங்கி, காற்றில் பறிகொடுக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் இதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். பியானோச் சாவிகள் போன்ற கறுப்புக் குச்சிகள் சுற்றிலும் நிற்கும் கிரீடம் மாதிரி இருக்கும். தலையில் வைத்தால் ஒவ்வொரு குச்சியும் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகரும். மேலே ஒரு சிறு அட்டையில் உங்கள் தலையின் உருவம், அளவில் சிறிதாக, ஊசித் துளைகளாக விழும். எங்கள் கடையில் ஒன்று இருந்தது. முதன்முதலாகத் தன் அட்டையைப் பார்ப்பவர்கள் பேசாமல் நின்றுவிடுவார்கள். இடப்பக்கம் புடைப்பு, வலப்பக்கம் சப்பை. யாருடைய தலையும் இருபுறமும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். வரைபடக் கடையில் கிடைக்கும் வளையும் அளவுகோலைத் தலையைச் சுற்றி வளைத்து, அப்படியே எடுத்துத் தாளில் வைத்து வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் தொப்பியின் வாயை வைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி என்று கண்ணுக்கே தெரியும். பட்டையை வெளியே மடித்துவிட்டு, ஆவி தோலில் படாதபடி ஃபெல்ட்டின் முன்னும் பின்னும் மட்டும் காட்டி, விரிப்பானை முன்பின்னாக வைத்து அரைச் சுற்று திருகுங்கள். பக்கவாட்டு தானே உள்ளே வரும். வெதுவெதுப்பு இருக்கும்போதே தலையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வீட்டில் நடங்கள். மிச்ச வேலையை உங்கள் தலையே செய்யும்.

கிழக்குக்கரை (நியூ ஜெர்சி)

செய்தேன். நேற்று மாலை அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன், ஒரு மணி நேரம். வீடு திரும்பிக் கழற்றியபோது நெற்றியில் தடமே இல்லை.

ரிப்பனும் முடிந்தது. வெளிப்புறம் வெயிலில் பழுப்பேறியிருந்தது. உட்புறம் இன்னும் கறுப்பாக இருந்ததால் திருப்பிப் போட்டேன். நேராகச் சுற்றினால் மேலோரம் விலகி நின்றது. ஈரப்படுத்தி இஸ்திரிப் பெட்டியால் வளைத்துத் தேய்த்தபின் கூட்டோடு ஒட்டிக்கொண்டது. பூமுடிச்சை இடப்பக்கமே வைத்தேன், பழைய ஊசித் தடத்தில்.

முகில்மலை அண்ணா, பழைய பட்டையை எறியவில்லை. பெயரெழுத்து உள்ள நான்கு அங்குலத் துண்டும் அளவுச் சீட்டும் தாளுறைக்குள் இருக்கின்றன. சங்கச் சீட்டு ஃபெல்ட்டில் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது, புதிய பட்டைக்குப் பின்னால்.

முகில்மலை (குன்னூர்)

உறையின் மேல் எந்தச் சந்தையில், எந்த நாளில் வாங்கினீர்கள் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். மை வேண்டாம், ஊறும்.

அந்த அளவுகோல் முறையை என் தெராய் தொப்பிக்கும் செய்யலாமா, மரஅச்சு ஐயா? இரட்டை ஃபெல்ட். ஆவி உள்தொப்பிக்குப் போய்ச் சேருமா?

மரஅச்சு (டொராண்டோ)

சேரும், நேரம் கூட ஆகும். பட்டையின் படத்தை முதலில் அனுப்புங்கள்.